எட்டு பதினேழுக்கு இடது புருவம்

மருமகள்: அத்தை, அந்தப் பேனாவை முதல்ல கீழ வைங்க.

மாமியார்: ஏன்? எழுதக் கூடாதா? பெரிய டாக்டர்தானே எழுதச் சொன்னார்?

மருமகள்: நடந்ததை எழுதச் சொன்னார்.

மாமியார்: நடந்ததைத்தான் எழுதறேன். "காலை எட்டு பதினேழு. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இடது புருவம் மேலே போனது." இதுல என்ன குத்தம் கண்டே?

மருமகள்: எட்டு பதினேழுக்கு நான் இங்கதான் இருந்தேன். இதே நாற்காலியில.

மாமியார்: இருந்தே. போனை நோண்டிக்கிட்டு இருந்தே.

மருமகள்: லீவு சொல்லி மெசேஜ் அனுப்பினேன். நாலே வார்த்தை. அதுக்குள்ள உங்க பிள்ளை புருவம் ஏறி இறங்கிடுச்சா?

மாமியார்: ஏறிச்சுன்னுதான் எழுதியிருக்கேன். இறங்கிச்சுன்னு எழுதலையே.

மருமகள்: அப்ப இப்ப எங்க இருக்கு? பாருங்க... நல்லா பாருங்க.

மாமியார்: இப்ப இறங்கிடுச்சு. புருவம்னா ஏறும் இறங்கும். ஏறினது ஏறினபடியே நிக்க அது என்ன, அவன் ரிப்பேர் பண்ற லிஃப்ட்டா?

மருமகள்: ஜோக்கா? இன்னிக்கா?

மாமியார்: பின்ன எப்ப? பதினோரு மணிக்கு மூணு டாக்டருங்க முன்னாடி போய் உட்காரணும். அங்க போய் சிரிக்க முடியாது. இங்கயே சிரிச்சுட்டுப் போறேன்.

மருமகள்: அவங்க மூணு பேரும் இந்த நோட்டைத்தான் படிக்கப் போறாங்க. நாப்பது நாள் எழுதச் சொன்னாங்க, எழுதியாச்சு. இன்னிக்கு நாப்பத்தொண்ணு. இன்னிக்குக் கணக்கே கிடையாது. அப்புறம் எதுக்கு இது?

மாமியார்: கடைசி நேரத்துல ஒண்ணு கூடுதலா இருந்தா நல்லதுதானேன்னு...

மருமகள்: என்னது, பரீட்சையா இது? கூடுதல் பேப்பர் வாங்கி எழுதறதுக்கு?

மாமியார்: சத்தம் போடாதே. அவன் தூங்கறான்.

மருமகள்: கண்ணு திறந்திருக்கு அத்தை.

மாமியார்: திறந்துதான் இருக்கு.

மருமகள்: நான் வேணும்னு சொல்லலை.

மாமியார்: தெரியும். பரவாயில்லை. ரெண்டு வருஷம் ரெண்டு மாசமாகியும் எனக்கு இன்னும் பிடிபடலை. கண்ணைத் திறக்கிறான், மூடறான். காலையில விழிக்கிற மாதிரியே விழிக்கிறான். ஆனா பார்க்கலையாம். அந்தச் சின்ன டாக்டர் பொண்ணு படமெல்லாம் போட்டுக் காட்டுச்சு. தலையை ஆட்டிட்டு வந்தேன். வெளிய வந்து யோசிச்சா, மண்டையில ஒண்ணும் நிக்கலை.

மருமகள்: எனக்கு மட்டும் நின்னுச்சா? வேலை செய்யற இடத்துல நெஞ்சு நின்னு போச்சு, மறுபடி ஓட வைக்கிறதுக்குள்ள பதினெட்டு நிமிஷம் ஆயிடுச்சு. அந்தப் பதினெட்டு நிமிஷம்தான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல அவங்க சொன்னதெல்லாம் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டேன்.

மாமியார்: சரி. மூச்சு மெஷினை நிறுத்தறதைப் பத்தி நீ என்ன முடிவு பண்ணியிருக்கே?

மருமகள்: நான் எங்க முடிவு பண்றது? நீங்க பெத்தவங்க. நீங்க சொல்லுங்க.

மாமியார்: நீ கட்டினவ. சட்டப்படி உன்னைத்தான் முதல்ல கேட்பாங்க.

மருமகள்: சட்டத்தை விடுங்க. நீங்க சொன்னா எனக்குச் சரி.

மாமியார்: நீ சொன்னா எனக்குச் சரி.

மருமகள்: ஐயோ... திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா? ஒரு மாசமா இதே பாட்டு! நீங்க சொல்லுங்க, நீ சொல்லு, நீங்க சொல்லுங்க, நீ சொல்லு. கதவு பக்கத்துல நின்னுக்கிட்டு "முதல்ல நீங்க போங்க"ன்னு மல்லுக்கட்டற மாதிரி.

மாமியார்: அவன் பெரியப்பா நேத்து போன் பண்ணினாரு.

மருமகள்: பண்ணுவாரே. என்னவாம்?

மாமியார்: "உயிரை எடுக்க நீங்க யாரு"ன்னாரு.

மருமகள்: ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை வந்தாரு. பத்து நிமிஷம் நின்னாரு. வாட்ச்சைப் பார்த்தாரு, போயிட்டாரு. அவருக்கு இதுல ஒரு பேச்சு!

மாமியார்: உன் அக்கா மட்டும் என்ன? "எத்தனை நாளைக்கு அவரை இப்படி வதைக்கப் போறீங்க"ன்னு என் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டுப் போனா. நான் என்னமோ என் பிள்ளையைக் கட்டிப் போட்டு வச்சிருக்கிற மாதிரி.

மருமகள்: அவ என்கிட்டயும்தான் கேட்டா. நான் பதில் சொல்லலை.

மாமியார்: எடுத்தாலும் பாவிங்க, எடுக்காட்டியும் பாவிங்க. ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு வச்சிருக்காங்க. நாற்காலியில உட்கார்ந்து அவன் கை நகத்தை வெட்டறதுக்கு மட்டும் ஒருத்தரையும் காணோம்.

மருமகள்: ஆறாம் நம்பர் ரூம் பெரியவர் இருக்காரே, அவர் நேத்து என்னைப் பிடிச்சுக்கிட்டாரு. "மெஷினை நிறுத்தறது வேற, கொல்றது வேறம்மா. தடுக்கிறதை நிறுத்தறோம், அவ்வளவுதான்"னாரு. எங்க தண்ணி ப்ளான்ட்ல ஒரு வால்வை மூடினாலும் ஊருக்குத் தண்ணி போகாது, திறக்காம விட்டாலும் போகாது. ரெண்டுக்கும் ஒரே விசாரணைதான். நான் அவர்கிட்ட அதைச் சொல்லலை. "சரிங்கய்யா"ன்னுட்டு வந்துட்டேன்.

மாமியார்: ஏன் சொல்லலை?

மருமகள்: அவர் பொண்டாட்டிக்குப் போன மாசம்தான் நிறுத்தினாங்க. மிச்ச சாமானை எடுத்துட்டுப் போக வந்திருக்காரு. அவர்கிட்ட போய் நான் வால்வு கதை பேசவா?

நர்ஸ்: கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா அம்மா? சளி எடுக்கணும். அக்கா, உங்க குரல் காரிடார் வரைக்கும் கேக்குது.

மருமகள்: சாரி சிஸ்டர். இவங்கதான்...

மாமியார்: ஆமா, நான்தான். எல்லாத்துக்கும் நான்தான். எழுதிக்கங்க சிஸ்டர்.

நர்ஸ்: உங்க வாய்ச் சண்டை இல்லாட்டி இந்த ரூம்ல இந்த மெஷின் சத்தம் மட்டும்தான். எனக்குப் பழகிடுச்சு. ஆனா இன்னிக்குக் கொஞ்சம் மெதுவா. பத்தரைக்கு நோட்டு வேணும். ஜெராக்ஸ் எடுத்து மூணு டாக்டருக்கும் கொடுக்கணும். எழுதி முடிச்சாச்சா?

மாமியார்: ஆச்சு.

மருமகள்: ஆகலை.

நர்ஸ்: ஆச்சா, ஆகலையா?

மருமகள்: அஞ்சு நிமிஷம் கொடுங்க சிஸ்டர்.

நர்ஸ்: பத்து நிமிஷமே எடுத்துக்கங்க. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போறேன்.

மருமகள்: கொடுங்க அத்தை அந்த நோட்டை.

மாமியார்: எதுக்கு?

மருமகள்: கொடுங்கன்னா கொடுங்க. இத்தனை நாள் பொறுத்தேன். இப்ப மூணு டாக்டருங்க கண்ணுல மண்ணைத் தூவப் போறோம். அதுக்கு முன்னாடி நமக்குள்ளயாவது பேசிடலாம்.

மாமியார்: என்ன பேசணும்?

மருமகள்: எங்க ப்ளான்ட்ல முன்னாடி ஒரு ஆபரேட்டர் இருந்தார். தண்ணி அளக்கிற மீட்டர் மொத்தம் ஆறு. மணிக்கு ஒரு தடவை நடந்து போய்ப் பார்த்து எழுதணும். மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே மாட்டார், ஆனா தாள் மட்டும் நிறைஞ்சிருக்கும். அவரை நான்தான் பிடிச்சேன். எப்படித் தெரியுமா?

மாமியார்: பின்னாடியே போய்ப் பார்த்தியா?

மருமகள்: போகவே இல்லை. தாளை மட்டும் பார்த்தேன். அவர் எழுதினதுல ஒரு எண்ணு கூட அடுத்தடுத்து ரெண்டு தடவை வரலை. ஒவ்வொரு மணிக்கும் ஒரு புது எண்ணு. மனசுல இருந்து எழுதறவங்க அப்படித்தான் எழுதுவாங்க, ஒரே மாதிரி வந்தா சந்தேகம் வரும்னு. நிஜ மீட்டர் சோம்பேறி அத்தை. மூணு மணி நேரம் ஒரே எண்ணுல குந்திக்கிட்டு இருக்கும்.

மாமியார்: அதுக்கும் எனக்கும் என்ன?

மருமகள்: திங்கக்கிழமை சுண்டுவிரல். செவ்வாய் உதடு. புதன் வலது இமை. வியாழன் கட்டைவிரல். வெள்ளி "தொண்டை அசைந்தது". சனிக்கிழமை கால் பெருவிரல். ஒரு நாள் அசைஞ்சது மறுநாள் அசையவே அசையாது. அவர் உடம்புல இருக்கிறதெல்லாம் முறை போட்டு வேலைக்கு வருது! ஒண்ணும் நடக்காட்டி ஒரு கோடு போடுங்கன்னு பெரிய டாக்டர் சொன்னாரு. நாப்பது நாள் காலையில ஒரே ஒரு கோடு... ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. நான் இப்பவே வாயை மூடிக்கறேன்.

மாமியார்: முப்பத்தோரு வருஷம் ஃபேக்டரி கேட்ல டைம்கீப்பரா உட்கார்ந்திருந்தேன். என்னையே நீ பொய்க்காரின்னு சொல்றே.

மருமகள்: நான் அந்த வார்த்தையைச் சொல்லலை.

மாமியார்: சொல்லாம சொன்னே. சரி. இப்ப நான் கேட்கவா? பக்கத்தைத் திருப்பு. இருபத்திமூணாம் நாள். உன் கையெழுத்து. படி.

மருமகள்: எதுக்கு...

மாமியார்: படின்னேன்.

மருமகள்: "மாலை நாலு இருபத்தைந்து. ரேடியோ போட்டேன். கண்கள் ரேடியோ பக்கம் திரும்பின."

மாமியார்: அன்னிக்குப் பாலத்து மேல லாரி குறுக்கால நின்னு ரோடே அடைச்சுப் போச்சு. ஞாபகம் இருக்கா?

மருமகள்: இருக்கும்... ஏன்?

மாமியார்: கீழ கேட்ல நீ கையெழுத்துப் போட்டப்ப மணி அஞ்சு பத்து.

மருமகள்: கேட் ரிஜிஸ்டரைப் பார்த்தீங்களா! என்னை வேவு பார்த்தீங்களா?

மாமியார்: வேவு இல்லை. பழக்கம். ரிஜிஸ்டர்னு ஒண்ணு எதிர்ல இருந்தா என் கண்ணு தானா போகும். நாலு இருபத்தஞ்சுக்கு நீ பஸ்ல உட்கார்ந்திருக்கே. இங்க ரேடியோ போட்டது யாரு? உன் ஆவியா?

மருமகள்: மணி தப்பா எழுதியிருப்பேன்.

மாமியார்: பதினாறு, பதினேழு, பதினெட்டாம் நாள் பக்கங்களையும் பாரு. மூணு நாளும் ஒரே மையில, ஒரே சாய்வுல, ஒரே மூச்சுல எழுதியிருக்கே. உட்கார்ந்து மொத்தமா ரொப்பியிருக்கே. ஃபேக்டரியில ஒருத்தன் வராம இருந்தா கூட்டாளி அவன் வருகைக் கார்டையும் சேர்த்து மெஷின்ல அடிப்பான். ரெண்டு கார்டு அடிக்கிற சத்தம் எனக்கு முதுகைத் திருப்பிக்கிட்டே தெரியும். நீ அதைத்தான் செஞ்சிருக்கே. சாயங்காலம் சாயங்காலம் வந்து அவன் கார்டை அடிச்சிருக்கே.

மருமகள்: நீங்க காலையில அடிச்சீங்க. காலை ஷிஃப்ட் நீங்க. சாயங்கால ஷிஃப்ட் நான். நாப்பது நாள் விடாம வருகை போட்டிருக்கோம் அத்தை.

மாமியார்: ஆளு வரலை.

மருமகள்: ஆமா.

மாமியார்: ஒண்ணாவது... நீ எழுதினதுல ஒண்ணாவது நிஜமா?

மருமகள்: உங்களுதுல?

மாமியார்: முதல்ல நான் கேட்டேன்.

மருமகள்: இல்லை. ஒண்ணு கூட இல்லை.

மாமியார்: ம்.

மருமகள்: உங்களுது?

மாமியார்: எதுவுமே இல்லை, எட்டு பதினேழு உட்பட.

மருமகள்: எனக்கு அப்படியே தலையைக் கொண்டு போய்ச் சுவத்துல மோதணும் போல இருக்கு.

மாமியார்: மோதிடாதே. அப்புறம் ரெண்டு கட்டிலுக்கு நடுவுல நான்தான் ஓடணும்.

மருமகள்: ஏன் அத்தை? ஏன் இப்படிப் பண்ணினீங்க?

மாமியார்: நீ ஆரம்பிச்சே. முதல் பக்கம் நீதான். "விரல் என் விரலை அழுத்தியது"ன்னு எழுதினே. மறுநாள் காலையில வந்து படிச்சேன். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மணிக்கணக்கா அவன் கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். என் கைதான் மரத்துப் போச்சு.

மருமகள்: நான் அதை உங்களுக்காக எழுதினேன்.

மாமியார்: எனக்காகவா?

மருமகள்: அந்த வாரம் நீங்க சாப்பிடறதை நிறுத்திட்டீங்க. சிஸ்டர்தான் சொன்னாங்க, "உங்க மாமியார் காலையில இருந்து தண்ணிதான் குடிக்கிறாங்க"ன்னு. நான் அந்த ஒரு வரியை எழுதினேன். மறுநாள் ரொட்டி சாப்பிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். சரி, தினம் ஒண்ணு எழுதினா தினம் ஒருவேளையாவது சாப்பிடுவாங்கன்னு...

மாமியார்: அடிப் பாவி. நான் ரொட்டி சாப்பிட்டது உனக்காக.

மருமகள்: என்னது?

மாமியார்: இந்தப் பொண்ணு இவ்வளவு நம்பிக்கையோட இருக்கா, நான் துவண்டு விழுந்தா இவளும் விழுந்துடுவாளேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு முழுங்கினேன். அன்னிக்கு நான் ஒரு கோடு போட்டிருந்தா நீ சாயங்காலம் வந்து அதைப் பார்த்திருப்பே. உன் மூஞ்சி எப்படிப் போகும்னு நினைச்சேன். கோடு போட கை வரலை. "சுண்டுவிரல்"னு எழுதிட்டேன்.

மருமகள்: அதைப் படிச்சப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோஷமே வரலை அத்தை. ஆத்திரம் வந்துச்சு. இவங்க விட மாட்டாங்க போலிருக்கே, இவங்களும் விட மாட்டாங்க, என்னையும் விட மாட்டாங்கன்னு. அவரையும்தான். உங்க மேல அவ்வளவு கோபம். பஸ்ல போறப்ப உங்களை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே போவேன். மறுநாள் வந்து நானும் ஒரு பொய்யை எழுதுவேன்.

மாமியார்: என்ன திட்டுவே?

மருமகள்: அது எதுக்கு இப்ப?

மாமியார்: சும்மா சொல்லு. நானும் சொல்றேன். நான் உன்னைப் "பிடிவாதக் கழுதை"ன்னு திட்டினேன். குளிக்கும்போது.

மருமகள்: நான் கொஞ்சம் மோசமாத் திட்டினேன்.

மாமியார்: இருக்கட்டும். வயசுல சின்னவ.

மருமகள்: அப்ப நீங்க... விட்டுடலாம்னுதான் நினைச்சீங்களா? மெஷினை?

மாமியார்: மூணாவது தடவை நிமோனியா வந்துச்சே, அப்பவே. அவன் நெஞ்சு ஒவ்வொரு தடவை தூக்கிப் போடறப்பவும் "போதும்டா, போயிடுடா"ன்னு வேண்டிக்கிட்டேன். பெத்தவ வேண்டிக்கிற வேண்டுதலா அது? வெளிய யார்கிட்ட சொல்றது? உன்கிட்ட சொன்னா, "கிழவிக்கு அலுத்துப் போச்சு, பிள்ளையைத் தூக்கிப் போடப் பார்க்கறா"ன்னு நீ நினைச்சுட்டா?

மருமகள்: நான் சொன்னா நீங்க என்ன நினைப்பீங்க? "முப்பத்தஞ்சு வயசுதான், வேற வாழ்க்கை தேடிக்கப் பார்க்கறா"ன்னு.

மாமியார்: சீ. நான் அப்படி நினைப்பேனா?

மருமகள்: நினைக்க மாட்டீங்களா?

மாமியார்: ...ஒரு நாள் நினைச்சேன். ஒரே ஒரு நாள். அப்புறம் நீ அவன் காதுக்குப் பின்னாடி ஈரத்துணியால துடைச்சுவிட்டதைப் பார்த்தேன். அதோட விட்டுட்டேன்.

மருமகள்: இந்த நோட்டை என்ன பண்றது?

மாமியார்: கொடு. முதல்ல எட்டு பதினேழை அடிக்கிறேன்... அடிச்சாச்சு. கோடு போட்டாச்சு.

மருமகள்: பேனாவை இங்க கொடுங்க.

மாமியார்: இந்தா. நீ உன் பக்கத்தைப் பாரு.

நர்ஸ்: பத்து நிமிஷம்னு சொன்னேன், இருபது ஆச்சு. நோட்டு ரெடியா?

மருமகள்: சிஸ்டர்... இந்த நோட்டுல இருக்கிறது எதுவும் நடக்கலை. நாங்க எழுதினது எல்லாமே...

நர்ஸ்: தெரியும் அக்கா.

மாமியார்: தெரியுமா? எப்படி?

நர்ஸ்: நாங்களும் சார்ட் எழுதறோமே அம்மா. மூணு ஷிஃப்ட், நாப்பது நாள். கிள்ளிப் பார்த்து, வெளிச்சம் அடிச்சுப் பார்த்து, கூப்பிட்டுப் பார்த்து. எங்க சார்ட்ல நாப்பது நாளும் கோடுதான்.

மாமியார்: அப்ப எங்ககிட்ட எதுக்கு இந்த நோட்டைக் கொடுத்து இந்தப் பாடு படுத்தினீங்க?

நர்ஸ்: நாங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கம்மா. அவங்கவங்க கண்ணால பார்க்கட்டும்னு பெரிய டாக்டர் எல்லா வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு கொடுப்பார். ஆனா ஒண்ணு, இவ்வளவு நுணுக்கமா எழுதின நோட்டை நான் பார்த்ததே இல்லை. தொண்டை அசைஞ்சதுக்கு நிமிஷம் வேற போட்டிருந்தீங்க.

மருமகள்: சிரிக்காதீங்க சிஸ்டர்.

நர்ஸ்: சிரிக்கலை அக்கா. சரி, நோட்டு வேண்டாம். நான் டாக்டர்கிட்ட பக்குவமா சொல்லிக்கறேன். இந்த ஃபார்ம்ல மட்டும் ஒரு கேள்வி பாக்கி. ரெண்டு பேரும் பதில் சொல்லணும். வாசிக்கிறேன். "நோயாளி நல்ல நினைவோடு இருந்த காலத்தில், தனக்கு இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களிடம் எப்போதாவது..."

மாமியார்: இல்லை.

மருமகள்: இல்லை.

நர்ஸ்: நான் இன்னும் படிச்சு முடிக்கலை. "...பேச்சுவாக்கிலாவது சொன்னதுண்டா?"

மாமியார்: அதான் இல்லைன்னேனே.

மருமகள்: சொன்னதில்லை சிஸ்டர்.

நர்ஸ்: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவரே சொல்லியிருந்தா, உள்ள டாக்டருங்க முதல்ல அதைத்தான் எடுத்துப்பாங்க. முடிவு அவரோடதுன்னு ஆயிடும். சொல்லலைன்னா முழுப் பாரமும் உங்க ரெண்டு பேர் தலையில.

மாமியார்: தலைதானே, இருக்கட்டும்.

நர்ஸ்: அப்ப "இல்லை"யில டிக் போட்டு இங்க வைக்கிறேன். கீழ ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அஞ்சு நிமிஷத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்.

மருமகள்: போடுங்க அத்தை.

மாமியார்: நீ முதல்ல போடு.

மருமகள்: மறுபடியுமா!

மாமியார்: சிஸ்டர் கேள்வியைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ பதில் சொன்னே.

மருமகள்: நீங்கதான் முதல்ல சொன்னீங்க.

மாமியார்: ஃபேக்டரியில "ஏன் லேட்டு"ன்னு நான் கேட்டு முடிக்கிறதுக்கு முன்னாடியே பதில் சொல்றவன் வீட்டுலயே தயார் பண்ணிக்கிட்டு வந்தவன். நான் தயார் பண்ணிக்கிட்டு வந்தேன். எனக்குத் தெரியும். நீ எதுக்கு அவ்வளவு அவசரமா சொன்னே?

மருமகள்: என்ன சொன்னீங்க இப்ப? தயார் பண்ணிக்கிட்டு வந்தீங்களா? என்னத்தை?

மாமியார்: பேனாவைக் கொடு. கையெழுத்துப் போட்டுத் தொலைக்கறேன்.

மருமகள்: கொடுக்க மாட்டேன். நாப்பது நாள் பொய்யை இப்பதான் அடிச்சோம். நாப்பத்தொண்ணாவதா இன்னொண்ணு வேண்டாம். அவர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?

மாமியார்: சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?

மருமகள்: அத்தை!

மாமியார்: கத்தாதே. ...சொன்னான். அவன் கூட வேலை பார்த்த பெரிய மெக்கானிக் ஒருத்தர் மூணு வருஷம் இப்படித்தான் கிடந்தாரு, ஞாபகம் இருக்கா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இவன் போய்ப் பார்த்துட்டு வருவான். ஒரு நாள் வந்தவன் செருப்பைக்கூடக் கழட்டலை. நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். பின்னாடி வந்து நின்னுக்கிட்டு, "அம்மா, எனக்கு இப்படி ஆச்சுன்னா விட்டுடும்மா, பிடிச்சு வச்சுக்காதே"ன்னான். நான் கரண்டியாலயே ஒரு அடி போட்டேன்.

மருமகள்: இதை ரெண்டு வருஷமா வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு இருந்தீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

மாமியார்: சொல்லக் கூடாதுன்னுட்டானேடி! "அவகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா, அவ தாங்க மாட்டா"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான். அவன் கடைசியா என்கிட்ட ஒரு விஷயம்னு கேட்டது அது ஒண்ணுதான். அதை எப்படி நான்... ஏன் அழறே? இப்ப எதுக்கு அழறே? இதுக்குத்தான் சொல்லலை நான். நீ தாங்க மாட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு.

மருமகள்: அன்னிக்கே, செருப்பைக் கழட்டிட்டு நேரா என்கிட்ட வந்தாரு அத்தை. நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். இதையேதான் சொன்னாரு, "விட்டுடு"ன்னு. சொல்லிட்டு என் தலையில கை வச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே, அவங்க தாங்க மாட்டாங்க"ன்னு.